ஒரு வரி, இரண்டு கார்டுகள்: பிரிட்டெனின் 'லே இல்யூமினாசியோன்' உருவான விதம்

ஒரே கவிஞரின் ஏழெட்டுக் கவிதைகளை எடுத்து மெட்டமைத்து வரிசையாக அடுக்கிவிட்டால் அது பாடல் கோவை ஆகிவிடாது. மேற்கத்தியச் செவ்வியல் இசையில் 'சாங் சைக்கிள்' என்று சொல்லும் வடிவத்தில், பாட்டுகளின் வரிசையைக் கலைத்தால் ஏதாவது ஒன்று உடைய வேண்டும். உடையவில்லை என்றால் அது வெறும் தொகுப்புதான். இசையமைப்பாளர் ஷூபர்ட் 1823-ல் எழுதிய மாவு ஆலைப் பையனின் பாடல்களில் இந்தச் சிக்கலே எழவில்லை. பையன் வேலை தேடி வருகிறான், காதலிக்கிறான், தோற்கிறான், ஓடையில் மூழ்குகிறான். கதை நடக்கிற வரிசைதான் பாட்டு வரிசை. கதையே இல்லாத கவிதைகள் கையில் கிடைத்தால் இசையமைப்பாளர் என்ன செய்வார்?

அதற்கு நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில், ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென் 1939-ல் எழுதி முடித்த 'லே இல்யூமினாசியோன்'. அவருடைய 18-ஆம் எண் படைப்பு. உச்சக் குரல் ஒன்று, தந்தி வாத்தியக் குழு ஒன்று, இவ்வளவுதான். மொத்தம் இருபத்துச் சொச்சம் நிமிடங்கள் ஓடும். கவிதை வரிகள் ஆர்தர் ரைம்போவுடையவை. எழுதத் தொடங்கியபோது பிரிட்டெனுக்கு 25 வயது. குரலுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் எழுத ஆசைப்படும் யாருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் எண்ணம். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

கவிதைகள்

ரைம்போ 1854-ல் பிரான்சின் வடகிழக்கில் ஷார்ல்வீல் ஊரில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டியதும் கவிதை எழுதுவதையே விட்டுவிட்டார். அதன்பின் ஏடனிலும் எத்தியோப்பியாவின் ஹராரிலும் வணிகம் செய்தார், 1891-ல் மார்செய் நகரில் 37 வயதில் இறந்தார். 'இல்யூமினாசியோன்' கவிதைகள் அவர் எழுத்தை நிறுத்துவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் எழுதியவை. 1886-ல் பாரிஸில் ஒரு பத்திரிகையில் அவை வெளிவந்தபோது அவர் ஆப்பிரிக்காவில் இருந்தார்.

இவற்றில் பெரும்பாலானவை உரைநடைக் கவிதைகள். சீர் இல்லை, எதுகை இல்லை, ஒரே அளவில் திரும்பி வரும் அடி இல்லை. ஒரு கவிதையில் பெரிய நகரங்கள் கொந்தளிக்கின்றன. இன்னொன்றில் ஓர் ஆணும் பெண்ணும் பொதுச் சதுக்கத்தில் நின்று ராஜா ராணி ஆக வேண்டும் என்று கத்துகிறார்கள், ஒரு காலைப்பொழுது முழுக்க அப்படியே ஆகியும் விடுகிறார்கள். மற்றொன்றில் வெள்ளியும் செம்புமான ரதங்கள் கடல் நுரையைக் கிழித்துப் போகின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கதைத் தொடர்பு இல்லை, பேசுகிற ஆள்கூட ஒரே ஆள்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சீரான அடி இல்லாதது இசையமைப்பாளருக்கு இழப்பு மட்டும் இல்லை. அடி இருந்தால் மெட்டு அதற்குள் அடங்கி நடந்தாக வேண்டும். உரைநடைக்கு மெட்டுப் போடும்போது எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை இழுப்பது, எதை வேகமாக உதிர்த்துவிட்டுப் போவது என்ற முடிவு முழுக்க இசையமைப்பாளர் கையில். அப்படிக் கிடைக்கும் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. கவிதை தராத கட்டமைப்பை இசையே தர வேண்டும்.

கவிஞர் ஆடனும் பிரிட்டெனும் முப்பதுகளில் பல வேலைகளைச் சேர்ந்து செய்தவர்கள். அந்த நட்பு வழியாகத்தான் ரைம்போ பிரிட்டெனுக்கு அறிமுகமானார் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரெஞ்சு மொழிக்கு மெட்டுப் போடுவது அவருக்குப் புதிதல்ல. 1928-ல், பதினான்கு வயதில், கவிஞர்கள் விக்டர் ஹ்யூகோவின் வரிகளையும் வெர்லேனின் வரிகளையும் எடுத்து நான்கு பிரெஞ்சுப் பாடல்களைக் குரலுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதியிருந்தார். ரைம்போவின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட நண்பர் அதே வெர்லேன்தான். இரண்டு பேரும் 1872, 73-ல் லண்டனில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். 'இல்யூமினாசியோன்' கவிதைகளில் வரும் மாநகரங்களில் லண்டனின் புகையும் இருக்கிறது என்று படிக்கிறவர்கள் பலர்.

ஏன் தந்திகள் மட்டும்

புல்லாங்குழல் இல்லை, ட்ரம்பெட் இல்லை, ட்ரம் இல்லை. முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ். அவ்வளவுதான். ரதங்களும் நகரங்களும் ஊர்வலங்களும் நிறைந்த கவிதைகளுக்கு வேறொருவர் முழு இசைக்குழுவையும் அழைத்திருப்பார். பிரிட்டெனும் அதைச் செய்து பார்த்தவர்தான். 1936-ல் ஆடன் தொகுத்துத் தந்த வரிகளுக்கு அவர் எழுதிய 'அவர் ஹன்டிங் ஃபாதர்ஸ்' முழு இசைக்குழுவுக்கானது. அதை நார்விச் விழாவில் பாடிய சுவிஸ் நாட்டு சொப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண் குரல்) பாடகி சோஃபி விஸ்தான் இந்தப் புதிய கோவைக்கும் முதல் குரல். படைப்பும் அவருக்கே சமர்ப்பணம்.

தந்திக்குப் போனதற்குப் பின்னால் 1937-இன் அனுபவம் இருந்தது என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு பாய்ட் நீல் என்ற இசைக்குழு நடத்துநரின் தந்திக் குழுவுக்கு சால்ஸ்பர்க் விழாவிலிருந்து அழைப்பு வந்தது. புதிய ஆங்கிலப் படைப்பு ஒன்று அவசரமாக வேண்டியிருந்தது. பிரிட்டென் தன் ஆசிரியர் ஃப்ராங்க் பிரிட்ஜின் ஒரு கருப்பொருளை எடுத்து அதன்மேல் மாறுபாடுகள் எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்டவர்களுக்கு அவர் தந்திகளை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார் என்பது தெரியும். மார்ச், வால்ட்ஸ், இத்தாலிய ஆபரா, இறுதி ஊர்வலம் எல்லாம் ஒரே குடும்பத்து வாத்தியங்களிலிருந்து வருகின்றன. அவர் பியானோ வாசிப்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து வயோலாவும் வாசித்தவர். வயோலா வாசிப்பவர் எப்போதும் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவர். மேலே வயலின் என்ன செய்கிறது, கீழே செல்லோ என்ன செய்கிறது என்பது அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 1939 ஏப்ரலில் பிரிட்டென் கப்பலேறியபோது பிரிட்ஜ் தன் சொந்த வயோலாவையே அவருக்குப் பரிசாகக் கொடுத்து வழியனுப்பினார். அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை. 1941-இன் தொடக்கத்தில் பிரிட்ஜ் இறந்துவிட்டார்.

சரி, தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் இந்த முடிவு என்ன தந்தது? இரண்டு விஷயங்கள் முக்கியம். தந்திக் குழுவின் எல்லா வாத்தியங்களும் ஒரே வகை ஒலி என்பதால், அதன்மேல் நிற்கும் மனிதக் குரல் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். சொற்கள் புதைந்து போகாது. உரைநடைக் கவிதையில் சொல் புதைந்தால் எல்லாமே போயிற்று. இரண்டாவது, வாத்தியம் மாறாததால் ஒன்பது பகுதிகளுக்கும் ஒரே தோல் கிடைத்துவிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு உலகமே மாறினாலும் கேட்பவர் அதே அறைக்குள்தான் இருக்கிறார். கதை தராத ஒற்றுமையில் ஒரு பங்கை வாத்தியத் தேர்வே தந்துவிட்டது.

இடம் மாறிக்கொண்டே எழுதியது

வேலை தொடங்கியது இங்கிலாந்தில், 1939 மார்ச் வாக்கில். சஃபோக் மாவட்டத்தின் ஸ்நேப் கிராமத்தில் பழைய காற்றாலை ஒன்றை வீடாக மாற்றி பிரிட்டென் குடியிருந்த காலம். முதலில் பிறந்தவை 'பீயிங் பியூட்டியஸ்' என்ற பாட்டும் 'மரீன்' என்ற பாட்டும். (முதல் தலைப்பை ரைம்போவே ஆங்கிலத்தில்தான் வைத்தார்.) ஏப்ரல் மாதமே 'பீயிங் பியூட்டியஸ்' பர்மிங்ஹாமில் சோஃபி விஸ் குரலில் அரங்கேறியது. ஆகஸ்ட் 17 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில், ஹென்றி வுட் நடத்திய ப்ராம்ஸ் என்ற கோடைக்கால இசை விழாக் கச்சேரியில் இரண்டு பாட்டுகளும் ஒலித்தன. அப்போது இசையமைப்பாளர் அட்லாண்டிக்கின் மறுகரையில். பாடகர் பீட்டர் பியர்ஸுடன் ஏப்ரல் இறுதியில் கிளம்பி, கனடா வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தார்.

ஆகஸ்டில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் அமிட்டிவில் ஊரில் அவர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது. மனநல மருத்துவமனை ஒன்றின் வளாகத்துக்குள் மருத்துவர் வில்லியம் மேயர் குடும்பத்தின் வீடு. ஜெர்மனியை விட்டு வந்த குடும்பம். வீட்டுத் தலைவி எலிசபெத் மேயர் இலக்கியத்திலும் இசையிலும் ஊறியவர். செப்டம்பர் 3-ல் இங்கிலாந்து போரில் இறங்கியது. அந்த இலையுதிர்காலத்தில்தான் மிச்சப் பாட்டுகள் எழுதப்பட்டன. முடிந்த தேதி அக்டோபர் 25.

இந்த வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் எழுதிய இரண்டு பாட்டுகளும் தனித்தனிப் பாட்டுகளாகவே நன்றாக நிற்கக்கூடியவை. அப்படித்தான் மேடையும் ஏறின. அவற்றைச் சுற்றி ஒரு கோவையைக் கட்டும் வேலை பிறகு நடந்தது. 'மரீன்' ஐந்தாம் இடத்துக்கும் 'பீயிங் பியூட்டியஸ்' ஏழாம் இடத்துக்கும் போயின. கட்டடத்தின் நடு அறைகளை முதலில் எழுப்பிவிட்டு, வாசலையும் மாடியையும் பிறகு யோசித்த மாதிரி. முதல் பாட்டை முதலில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து மாதக் கணக்கில் தவிப்பவர்களுக்கு இந்தத் தகவல் உதவும் என்று நம்புகிறேன்.

திறவுகோல் வரி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'பராட்' என்ற கவிதையில் ரைம்போ ஒரு விசித்திரக் கூட்டத்தை வர்ணிக்கிறார். ஊரை ஏய்க்கும் கோமாளிகள், போக்கிரிகள், வேஷக்காரர்கள். கடைசி வரியில் திடீரென்று 'நான்' வருகிறது: இந்தக் காட்டு ஊர்வலத்தின் திறவுகோல் என்னிடம் மட்டுமே இருக்கிறது, என்கிறது அந்த 'நான்'.

பிரிட்டென் அந்த வரியை அதன் கவிதையிலிருந்து உருவி எடுத்தார். கோவையின் முதல் பகுதி 'ஃபான்ஃபார்'. அதில் பாடகருக்கு இந்த ஒரு வரி மட்டும்தான், வேறு கவிதையே இல்லை. வாசலில் நின்று அறிவிப்பது போல அந்த வரி ஒலிக்கிறது. அப்புறம் ஆறாம் பகுதியான 'இன்டர்லூட்', பெரும்பாலும் வாத்திய இசை. அதன் முடிவில் அதே வரி, இப்போது மெதுவாக, தனக்குள் சொல்லிக்கொள்வது போல. மூன்றாவது முறை எட்டாம் பகுதியில், 'பராட்' கவிதையின் கடைசியில், அது பிறந்த இடத்திலேயே, தொடக்கத்து முழக்கத்தோடு முழு வேகத்தில் வந்து விழுகிறது.

மூன்று முறை வருவது வெறும் பல்லவி இல்லை. முதல் முறை கேட்கும்போது எந்த ஊர்வலம், என்ன திறவுகோல் என்று கேட்பவருக்குப் புரியாது. ஒரு வாக்குறுதி மட்டும் கிடைக்கிறது. நடுவில் வரும்போது இதுவரை கேட்ட நகரங்களும் ராஜா ராணியும் கடலும் அந்த ஊர்வலத்தில் சேர்ந்துவிடுகின்றன. மூன்றாம் முறை கேட்கும்போதுதான் ஊர்வலமே கண்முன் போகிறது. தனித்தனிக் காட்சிகளாக இருந்தவை பின்னோக்கி ஒன்றாகிவிடுகின்றன. ரைம்போ எழுதாத ஒரு கதையை, ரைம்போவின் ஒரு வரியையே மூன்று இடத்தில் வைத்துப் பிரிட்டென் உருவாக்கிவிட்டார். ஒரு சொல்லைக்கூடத் தானாகச் சேர்க்கவில்லை. இந்தக் கோவையின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். மெட்டுகள் எல்லாம் அழகானவைதான், ஆனால் அழகான மெட்டுகள் மட்டும் இதைக் காப்பாற்றியிருக்காது.

மோதும் இரண்டு கார்டுகள்

வரிக்கு இணையாக இசையிலும் ஒரு முடிச்சு உண்டு. 'ஃபான்ஃபார்' என்றால் ட்ரம்பெட் முழக்கம். ட்ரம்பெட் இல்லாத குழுவில் அந்த முழக்கத்தைத் தந்திகளே செய்கின்றன. கார்ட் என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஒரு பக்கம் பி ஃபிளாட் மேஜர் கார்ட், எதிர்ப் பக்கம் ஈ மேஜர் கார்ட். இரண்டும் மாறி மாறி முழங்குகின்றன.

நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் இது எளிதாகப் புரியும். பி ஃபிளாட்டை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் ஈ என்பது பிரதி மத்யமம். ஆறு அரை ஸ்வரம் மேலே. ஈ-யை ஷட்ஜமமாக வைத்தால் பி ஃபிளாட்டும் அதற்குப் பிரதி மத்யமமே, அதே ஆறு அரை ஸ்வரம். சப்தகத்தைச் சரிபாதியாக வெட்டும் இடைவெளி என்பதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தூரம் ஒன்றுதான். ஆகவே எது ஆதாரம், எது விருந்தாளி என்று காது முடிவு செய்ய முடியாது. இரண்டு கார்டுகளும் தனித்தனியே மிகத் தெளிவானவை, குழந்தைக்கும் இனிக்கும் மேஜர் கார்டுகள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் தரை ஆடுகிறது. ரைம்போவின் கவிதையும் அப்படித்தானே! ஒவ்வொரு படிமமும் பளிச்சென்று தெரிகிறது, அடுத்த படிமத்தோடு சேரும்போதுதான் தலை சுற்றுகிறது.

இந்தப் பகைமை கோவை முழுக்க வெவ்வேறு வேஷத்தில் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் 'ஆன்டீக்' பாட்டில் பி ஃபிளாட் மேஜரின் மூன்று ஸ்வரங்களைச் சுற்றியே மெட்டு சாவகாசமாக உலாவுகிறது. முழக்கத்தில் ஆயுதமாக இருந்த கார்ட் இங்கே காதல் பாட்டு. கடைசிப் பாட்டான 'தெபார்' இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் ஈ ஃபிளாட்டில் அமர்கிறது. ஈ ஃபிளாட்டை ஷட்ஜமமாகக் கொண்டால் பி ஃபிளாட் அதன் பஞ்சமம். ஈ-யிலிருந்து வெறும் அரை ஸ்வரம் இறக்கம். இருபது நிமிடம் சண்டை போட்ட இரண்டிலிருந்தும் போய்ச் சேர மிக இயல்பான இடம் அது. இதைக் கணக்குப் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. கணக்குத் தெரியாமல் கேட்டாலும் கடைசிப் பாட்டு தொடங்கும்போது தோள் தளர்வது தெரியும்.

தந்திகள் செய்யும் வேலைகள்

ஒவ்வொரு பாட்டையும் விவரிக்கப் போவதில்லை. நான்கைந்து இடங்கள் போதும்.

'ஃப்ராஸ்' மிகச் சிறிய பகுதி. கவிதையே ஒற்றை வாக்கியம்: கோபுரத்துக்குக் கோபுரம் கயிறு கட்டினேன், ஜன்னலுக்கு ஜன்னல் மாலை தொடுத்தேன், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொன் சங்கிலி இழுத்தேன், ஆடுகிறேன். பிரெஞ்சில் கயிற்றுக்கும் தந்திக்கும் ஒரே சொல். அதை நம்பி எந்த வேடிக்கையும் காட்டாமல், வயலின்களுக்கு ஹார்மோனிக்ஸ் எழுதினார் பிரிட்டென். தந்தியை அழுத்தாமல் விரலை மேலே லேசாகத் தொட்டபடி வில்லிழுத்தால் வரும் விசில் போன்ற உச்ச ஒலி. அதன் நடுவே குரல் படிப்படியாக ஏறி, 'ஆடுகிறேன்' என்ற சொல்லில் உச்சத்தைத் தொட்டு, அங்கிருந்து வழுக்கி இறங்குகிறது. இறங்கிய இடத்திலேயே இடைவெளி இல்லாமல் 'ஆன்டீக்' தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து மூன்றாம் எண் ஒன்றுதான்.

'ஆன்டீக்'கில் வாத்தியக்காரர்கள் தந்திகளைக் கிட்டார் மாதிரி மீட்டுகிறார்கள். தாளத்துக்கு ட்ரம் இல்லை என்ற குறையே தெரியாது. இந்தப் பாட்டு வுல்ஃப் ஷெர்ஷன் என்ற இளைஞனுக்குச் சமர்ப்பணம், நடத்துநர் ஹெர்மன் ஷெர்ஷனின் மகன். 'பீயிங் பியூட்டியஸ்' பீட்டர் பியர்ஸுக்கு, 'இன்டர்லூட்' எலிசபெத் மேயருக்கு. சமர்ப்பணங்கள் முதலெழுத்துகளாக மட்டுமே இருந்தன. ஓரினக் காதல் இங்கிலாந்தில் சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. ஒரே கோவைக்குள் பழைய அன்பும் (வுல்ஃப்) புதிய அன்பும் (பியர்ஸ்) அடைக்கலம் தந்த வீடும் இடம்பெற்றிருப்பதை அறிந்து கேட்கும்போது எனக்கு அந்தப் பாட்டுகள் இன்னும் நெருங்கி வருகின்றன.

'வீல்' நகரங்களைப் பற்றியது. ஓயாத இயந்திர ஓட்டம், ரயில் தடதடப்பு மாதிரி தந்திகள் ஓடிக்கொண்டே இருக்க, பாடகர் மூச்சு வாங்காமல் காட்சிகளை அடுக்கிப் போக வேண்டும். பிரெஞ்சு உச்சரிப்பு சுத்தமாக இல்லாத பாடகர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். ஓட்டம் கடைசியில் திடீரென்று அடங்குகிறது. என் உறக்கங்கள் எங்கிருந்து வருகின்றனவோ அந்த நிலத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள் என்று கவிதை கேட்கும் இடம். வேகமான பாட்டை மெதுவாக முடிப்பது சுலபமான உத்திதான். இங்கே அது நியாயமாக வருகிறது, கவிதையே அந்த இடத்தில் மூச்சு விடுகிறது.

'பராட்'டின் மார்ச் இசை புதிதாக எழுதியதும் அல்ல. 1933-ல் தந்தி நால்வர் குழுவுக்கு பிரிட்டென் எழுதி வைத்திருந்த 'அல்லா மார்ச்சியா' என்ற துண்டு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே வேலைக்கு வந்தது. நால்வருக்கு எழுதியதைத் தந்திக் குழுவுக்கு விரிப்பதில் நிறம் மாறுவதில்லை, எடை மட்டும் கூடுகிறது. செல்லோக்களின் கீழ் ஸ்தாயி நடையில் இருக்கும் பதுங்கலான நடுக்கம் அந்தக் கவிதையின் போக்கிரிகளுக்கு அப்படியே பொருந்திவிட்டது. பழைய நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்ல எனக்குப் பிடித்த உதாரணம் இது.

'தெபார்' என்றால் புறப்பாடு. பார்த்தது போதும், பெற்றது போதும், அறிந்தது போதும் என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கவிதை கிளம்புகிறது. தந்திகள் ஒரே சீராகத் துடிக்கும் கார்டுகளை வாசிக்கின்றன. கோவை முழுவதும் செய்த வித்தைகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. ஊர்வலம் எட்டாம் பகுதியிலேயே உச்சத்தில் முடிந்துவிட்டது, கைதட்டல் வாங்க அதுவே போதும். அதற்குப் பிறகும் ஒரு மெதுவான பாட்டை வைக்கத் துணிச்சல் வேண்டும். 'பராட்'டில் நிறுத்தியிருந்தால் திறவுகோல் வைத்திருப்பவரின் பெருமிதத்தோடு படைப்பு முடிந்திருக்கும். 'தெபார்' வந்ததால் அவர் அந்தத் திறவுகோலை விட்டுவிட்டுப் போகிறார். கவிதையையே விட்டுப்போன ரைம்போவுக்கும், ஊரை விட்டுப்போன பிரிட்டெனுக்கும் அந்த முடிவு பொருந்துகிறது.

அரங்கேற்றமும் குரலும்

முழுக் கோவை 1940 ஜனவரி 30 அன்று லண்டன் ஏயோலியன் ஹாலில் அரங்கேறியது. பாடியவர் சோஃபி விஸ், வாசித்தது பாய்ட் நீல் குழு. அன்றும் பிரிட்டென் அமெரிக்காவில்தான் இருந்தார். ஒத்திகையில் உட்கார்ந்து வேகத்தைத் திருத்த வழியில்லை. பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பாடகிக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். இசைத்தாளே எல்லாவற்றையும் பேசியாக வேண்டிய நிலைமை. அந்தத் தாளின் தெளிவுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1941-ல் நியூயார்க்கில் பீட்டர் பியர்ஸ் பாடினார். அதற்குப் பிறகு இது டெனர் (உயர் ஸ்தாயி ஆண் குரல்) பாடகர்களின் சொத்து போல ஆகிவிட்டது. பிரிட்டெனே நடத்த, பியர்ஸ் பாடிய அறுபதுகளின் ஒலிப்பதிவுதான் பலருக்கு முதல் அறிமுகம். ஆனால் எழுதப்பட்டது சொப்ரானோவுக்கு. இந்த வித்தியாசம் காதுக்கு மிகப் பெரியது. பெண் குரல் பாடும்போது மெட்டு வயலின்களின் உயரத்திலும் அதற்கு மேலும் மிதக்கிறது. டெனர் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறார், அதாவது வயோலாவும் செல்லோவும் வாழும் இடத்தில். தந்திகள் குரலைச் சுற்றி மூடிக்கொள்கின்றன, குரல் கூட்டத்துக்குள் ஒருவராகிவிடுகிறது. 'பராட்'டுக்கு அது மிகப் பொருத்தம், ஊர்வலத்துக்கு உள்ளேயிருந்தே பேசும் குரல். ஆனால் 'ஃப்ராஸ்'ஸில் ஹார்மோனிக்ஸுக்குப் பக்கத்தில் நின்று ஏறும் பெண் குரலுக்கு டெனர் ஈடாக மாட்டார். முழுப் படைப்பையும் எடை போட்டால் என் ஓட்டு சொப்ரானோவுக்குத்தான். பியர்ஸின் பதிவை எவ்வளவு நேசித்தாலும் இதை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

விட்ட பாட்டுகளும் பின்னால் வந்தவையும்

பிரிட்டென் இந்தக் கோவைக்காகத் தொடங்கி உள்ளே சேர்க்காத பாட்டுகளும் இருந்தன. அவற்றில் மூன்றை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவரோடு வேலை செய்த இசையமைப்பாளர் காலின் மாத்யூஸ் தந்திக் குழுவுக்கு ஏற்ப அமைத்துக் கொடுத்தார். விடியலைப் பற்றிய 'ஓப்' அவற்றில் ஒன்று. ரைம்போவின் மிகவும் நேசிக்கப்படும் கவிதைகளில் அதுவும் சேர்த்தி. அதை எப்படி விட மனம் வந்தது என்று முதலில் தோன்றும். ஆனால் 'ஓப்' தன்னளவில் முழுமையான ஒரு குட்டிக் கதை. விடியலைத் துரத்தி ஓடி, பிடித்து, விழித்துப் பார்த்தால் மதியம். அதை உள்ளே வைத்தால் கேட்பவரின் கவனம் அந்தக் கதையோடு போய்விடும், திறவுகோல் வரியின் பிடி தளர்ந்துவிடும். தனியாகப் பாடிக் கேட்பதில் தவறில்லை. நடுவில் செருகிப் பாடினால் கோவை அறுந்துவிடும்.

இந்த வேலையில் கற்றதைப் பிரிட்டென் பின்னால் இரண்டு முறை வேறு விதமாகச் செய்து பார்த்தார். 1943-இல் டெனர், ஹார்ன் (வளைந்த பித்தளை ஊது வாத்தியம்), தந்திகளுக்கு எழுதிய 'செரனேட்' ஆறு வெவ்வேறு காலத்துக் கவிதைகளை எடுத்துக்கொள்கிறது. அங்கே திறவுகோல் வரிக்குப் பதில் ஒற்றை ஹார்ன் தொடக்கத்திலும் முடிவிலும் தனியே ஊதுகிறது. வால்வைத் தொடாமல் மூச்சாலும் உதடாலும் மட்டும் வரும் இயற்கை ஸ்வரங்கள், நம் காதுக்குச் சற்றே தப்பி ஒலிப்பவை. முடிவில் வாசிப்பவர் மேடைக்கு வெளியே போய் நின்று ஊத வேண்டும். 1958-இல் 'நாக்டர்ன்'. அதில் எட்டுக் கவிதைகள் இடைவெளியே இல்லாமல் ஓடுகின்றன, தூங்குபவரின் மூச்சு போன்ற ஒரு தந்தி அசைவு பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே திரும்பித் திரும்பி வருகிறது. முதல் படைப்பில் ஒரு வரி, இரண்டாவதில் ஒரு வாத்தியம், மூன்றாவதில் ஓர் அசைவு. மூன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்க முடிந்தால் கேளுங்கள், 1939-இல் இருந்தே தொடங்குங்கள்.